ராஜா குதித்த ஆட்டம்

மலாயாவில், ஜொகூரின் செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிக்கொண்டிருந்த என் அண்ணன் அர்ச்சுனனுக்குக் 'கியூபா' என்று பட்டப்பெயர். வைத்தவர் கதிரேசுக் கிராணி. யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் கூலிகள் குடியிருக்கும் எங்கள் லயத்துக்கு வந்து அண்ணனோடு சதுரங்கம் ஆடுவார். நான் வைத்த மீன்குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வார் என்று நெற்றியிலா எழுதியிருந்தது?

அண்ணனுக்கு எழுத்து வராது. உலகச் சாம்பியன் காபாபிளாங்காவின் கதையைக் கிராணியார்தான் ஆங்கிலப் பேப்பர் பார்த்துச் சொல்வார். கியூபாக்காரராம். எட்டு வருடம் யாரிடமும் தோற்கவில்லையாம். ஆர்ப்பாட்டமே இல்லாமல் காய்களை வெட்டிக் குறைத்து, கடைசியில் ஒரு காலாளை வைத்தே ஆளைச் சாய்த்துவிடுவாராம்.

"அர்ச்சுனன், நீரும் அப்பிடித்தான் விளையாடுறீர்" என்பார். அண்ணன் வெட்கப்பட்டுச் சிரிப்பார்.

1927இல் அந்தச் சாம்பியன் பட்டத்தை இழந்தார். ஜெயித்தவர் மறு ஆட்டத்துக்கு வராமல் இழுத்தடிக்கிறார் என்று வாசித்த அன்று கிராணியார் பேப்பரை வீசி எறிந்தார். "மறு ஆட்டம் குடுக்காதவன் ஒரு மனிசனே?"

1930இல் ஜொகூர் பாருவில் போட்டி வைத்தார்கள். ஜெயிப்பவர் ஜொகூருக்காகச் சிங்கப்பூரில் ஆடலாம். அண்ணனுக்குத் தூக்கமே போய்விட்டது. "ஒரு தடவ அங்க உக்காந்துடணும் செல்லம். மரம் சீவுறவன்னு இல்லாம, ஆட்டக்காரன்னு பாப்பாங்க லா" என்றார்.

நாங்கள் ஆடியது ஊர் ஆட்டம். போட்டியோ வெள்ளைக்காரன் சட்டம். வித்தியாசங்களைக் கிராணியாரே சொல்லிக்கொடுத்தார். காலாள் முதல் தடவை இரண்டு கட்டம் போகலாம், ராஜா யானையோடு சேர்ந்து கோட்டை கட்டலாம் என்றெல்லாம் சொன்னார். ஊர் ஆட்டத்தில், செக் வாங்காத ராஜா ஒரே ஒரு முறை குதிரைபோலப் பாயலாம். அண்ணன் அந்தப் பாய்ச்சலை வீணாக்காமல் கடைசிவரை வைத்திருப்பார். அவர் பாயும்போதெல்லாம் கிராணியார் தலையாட்டிக்கொண்டே ஆடினார்.

போட்டிக்குக் கிராணியாரும் பெயர் கொடுத்திருந்தார். கடைசி ஆட்டம் அவர்கள் இருவருக்கும்தான் என்று தெரிந்ததும், யார் ஜெயித்தாலும் நம்ம ஆள் என்று நான் சந்தோஷப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதுவரை போட்டியில் அண்ணனுக்குப் பாய்ச்சல் தேவைப்படவில்லை. இந்த ஆட்டத்திலும் அவர் கைதான் ஓங்கியிருந்தது. கிராணியாரின் ஒரு காலாள் மட்டும் முன்னேறி வந்தது. பாய்ச்சல் இருக்கிற தைரியத்தில் அண்ணன் அதை வரவிட்டார். அது கடைசிக் கட்டத்தை எட்டுவதற்கு முன்னால் ராஜாவைக் குதிரைபோலப் பாய்ச்சி அந்தக் காலாளை வெட்டினார்.

கிராணியார் நிதானமாக நடுவரைக் கூப்பிட்டார். பாய்ச்சல் செல்லாது, தொட்ட ராஜாவை ஒரு கட்டம்தான் நகர்த்த வேண்டும் என்றார் நடுவர். அண்ணன் நகர்த்தினார். காலாள் மந்திரியானது, ஆட்டம் போனது.

"போன ஞாயித்துக்கெழமகூட குதிச்சேனே, கிராணியாரே. ஏன் சொல்லல?"

"நீர் கேக்கேல்லையே."

தெரியாததை எப்படிக் கேட்பது?

கிராணியார் சிங்கப்பூர் போய் ஆடிவிட்டு வந்தார். எங்கள் லயத்துப் பக்கம் தலைகாட்டவில்லை. ஞாயிறுதோறும் அண்ணன் காய்களை அடுக்கிவைத்துக் காத்திருந்தார். பொறுக்கமாட்டாமல் நானே ஒருநாள் ஆபீஸ் வாசலில் மறித்தேன்.

"மறு ஆட்டம் எப்ப வச்சுக்கலாம்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "தோட்டக் கூலிகளோட நான் விளையாடுறேல்லை."

அண்ணனிடம், அவருக்கு நேரமில்லையாம் என்று மட்டும் சொன்னேன். அண்ணன் காய்களைப் பெட்டியில் போட்டார்.

"மத்த சட்டமெல்லாம் சொன்னாரே செல்லம். அந்த ஒண்ண மட்டும் யோசிச்சுத்தான் விட்டாரா?"

நான் அடுப்பை ஊதப் போனேன். அதற்குப் பிறகு அண்ணன் யாரோடும் ஆடவில்லை. கியூபா என்று கூப்பிட்டால் திரும்பியும் பார்க்க மாட்டார்.