ஒரு பாய் அகலம் வல்லாரை

இலங்கை மலையகத்தில், வட்டவளைப் பக்கத்தில் எங்கள் தோட்டம். தேயிலை மலையில் புல் பிடுங்க ஏக்கர் கணக்கில் காண்ட்ராக்ட் கொடுப்பார்கள். எனக்கு இரண்டு ஏக்கர் கிடைத்தது. தேயிலையைத் தவிர வேறெதுவும் தலைகாட்டக் கூடாது. காட்டினால் காண்ட்ராக்ட் கைமாறிவிடும்.

எனக்கு அப்போது ரோஷம் அதிகம். வல்லாரை, பொன்னாங்கண்ணி, பேர் தெரியாதது என்று எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கினேன். முன்பெல்லாம் கொழுந்து பறிக்கும் பெண்கள் போகும்போது மடியில் ஒரு பிடி கீரையும் கட்டிக்கொள்வார்கள். நான் வந்த பிறகு அந்த வழக்கம் நின்றது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும், மலை வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை, "மலைன்னா இவன் மலை மாதிரி இருக்கணும்" என்றார். அந்தப் பெருமையில் இரண்டு நாள் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

அந்த மழைக்காலத்தில் என் மூன்று வயது மகளுக்கு வாய் முழுக்கப் புண். வாயோரம் வெடித்து, ரொட்டியைப் பார்த்தாலே அழுதாள். தோட்டத்து மருந்துக்காரர் பார்த்துவிட்டு மருந்து தரவில்லை.

"பச்சக் கீர குடுங்க. மலையிலதான் கெடக்குதே" என்றார்.

மலையில் கிடக்கவில்லை. அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"புல்லப் புடுங்கச் சொன்னா சோத்தப் புடுங்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள் மனைவி. எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

மலையில் மழைத்தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் ஒரு பாய் விரிக்கும் அகலத்துக்கு வல்லாரை மறுபடி துளிர்த்தது. பார்க்காததுபோல் தாண்டிப் போனேன். மனைவி தினம் கிள்ளிவந்து தேங்காய்ப்பூ போட்டுச் சம்பல் செய்தாள். மகளின் வாய் ஆற ஆரம்பித்தது.

பிறகு கணக்கப்பிள்ளை அங்கே வந்து நின்றார்.

"என்னடா இது?"

"வல்லாரைங்க. புள்ளைக்கு வாய்ப்புண்ணு. இன்னும் கொஞ்ச நாள் கெடக்கட்டுங்க, ஐயா."

"மலையில மொளைச்சா எல்லாம் புல்லுதான். இப்பவே புடுங்கு. இல்லாட்டி வேற ஆளு இருக்கான்."

நான் பிடுங்கவில்லை. வேற ஆள் இருந்தான்.

நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். காண்ட்ராக்டைப் பற்றி மனைவி ஒன்றும் கேட்கவில்லை. "புது ஆளு எப்ப வர்றான்?" என்றாள்.

"நாளைக்கு."

கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மகளைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். அத்தனை நாள் புல் பிடுங்கிய கைக்கு, லயத்தோரம் நடுவதற்காக வேர் சிதையாமல் எடுக்கத் தெரியவில்லை. முதல் பிடி வீணாய்ப் போயிற்று. மகள் கான் ஓரத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.