வெள்ளைச் சேலைக்குச் சிவப்பு

உள்ளங்கை அகலமே உள்ள படம் அது. நாற்காலியில் ஓர் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். இப்போது அது எங்கே கிடக்கிறதோ தெரியாது. பினாங்கில் ஒரு சீனரின் படக்கடையில், கறுப்பு வெள்ளைப் படங்களுக்குச் சாயம் பூசியே கண்ணைக் கெடுத்துக்கொண்டவன் நான். எத்தனையோ முகங்கள் கைக்குள் வந்து போயின; எல்லாம் மறந்துவிட்டன. இந்த ஒன்று மட்டும் என்னைச் சும்மா விடுவதாக இல்லை.

அந்த ஊரில் நிறம் பூசுவது கத்திமேல் நடக்கிற வேலை. சீனருக்குச் சிவப்பென்றால் கல்யாணம், வெள்ளையென்றால் சாவு. நம்மவருக்கும் வெள்ளைச் சேலை கைம்பெண்ணுக்குரியது. மலாய்க்காரருக்கு மஞ்சள் சுல்தான் வீட்டு நிறம். இது தெரியாமல் ஒரு மலாய்க் குமாஸ்தாவின் சட்டைக்கு ஆசையாக மஞ்சள் பூசினேன். மனிதர் படத்தை மேசையில் எறிந்துவிட்டுப் போனார். முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதன்பிறகு மஞ்சள் புட்டிப் பக்கமே போவதில்லை.

அந்த அக்கா வெள்ளைச் சேலையும் வெறும் நெற்றியுமாக வந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கணவர் இறந்து மூன்று மாதம். சொந்த ஊரில் அம்மா படுத்த படுக்கை. அவருக்கு இன்னும் தெரிவிக்கவில்லை.

"அம்மா என் படத்தக் கேக்குறாங்கண்ணே. சேலைக்குச் செவப்பு பூசி, நெத்தியில பொட்டு வச்சுக் குடுங்க. விசயம் தெரிஞ்சா அவங்க உசிரு தாங்காது."

சிவப்புச் சேலையே கட்டி வந்திருக்கலாமே என்றேன்.

"உடம்புல கட்ட மனசு வரலண்ணே."

முதலாளி, "தா போலே, தா போலே" என்று மலாயில் மறுத்துக் கையை ஆட்டினார். துக்கம் காப்பவளுக்குச் சிவப்பு பூசினால் செத்தவனுக்கு அவமரியாதையாம். அம்மாவின் நிலைமையைச் சொன்னேன். சற்று யோசித்தவர், தான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுக் காப்பிக் கடைக்கு நடந்தார்.

பூசினேன். சேலையும் பொட்டும் அருமையாக வந்தன. எனக்கே கொஞ்சம் கர்வம். அக்கா அதைப் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானேதான் உறையில் போட்டு ஒட்டினேன்.

படம் கப்பலேறிய பிறகு, ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. கழுத்தில் தாலிக்கயிறு இல்லை! ஒரு மயிரிழை மஞ்சள் போதும், அதை விட்டிருக்கிறேன். ஊரார் நிறமெல்லாம் எனக்கு மனப்பாடம். என் அம்மா கழுத்தில் கிடந்த நிறம் மட்டும் நினைவுக்கு வரவில்லை. பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். அதன்பின் அக்காவைத் தெருவில் கண்டால் வேறு சந்தில் திரும்பிவிடுவேன். கோழைத்தனம்தான், வேறென்ன.

நாலைந்து மாதம் கழித்து அவரே கடைக்கு வந்தார். அம்மா இறந்துவிட்டாராம். தம்பி படத்தைத் திருப்பி அனுப்பியிருந்தான்.

"தலமாட்டுலயே வச்சிருந்தாங்களாம்ணே. வர்றவங்ககிட்ட எல்லாம், எம்மவ மகராசியா இருக்கான்னு காட்டுவாங்களாம். கடைசிவரைக்கும் அவங்களுக்குத் தெரியாமலே போயிடுச்சு. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

படத்தை வாங்கிப் பார்த்தேன். கழுத்தில் கயிறு இருந்தது. அரைத்த மஞ்சளை விரல் நகத்தால் தொட்டு, யாரோ மிகுந்த சிரமத்தோடு இழுத்த கோடு.

"எல்லாம் நல்லாத்தான் வந்திருக்கு. கயிறு மட்டும் கோணிப் போச்சு, இல்லண்ணே?" என்றார் அக்கா.

"ஆமாக்கா, கை நடுங்கிடுச்சு" என்றேன்.