வீட்டோடு சேர்த்து ஒரு வெர்னன்

வெர்னன் லபார்ஜ் எந்த மரத்தூணைக் கடந்தாலும் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டாமல் போவதில்லை. உள்ளே உளுத்திருந்தால் ஒரு சத்தம், திடமாக இருந்தால் வேறு சத்தம். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொள்வார். பிறகு தூண் எந்த நிலைமையில் இருந்தாலும் சரி, ஒரே தீர்ப்புதான்: "இன்னும் ஒரு குளிர்காலம் தாங்கும்." கூரையைப் பற்றிக் கேட்டாலும் இதே பதில். இடது முழங்காலை டாக்டர் அழுத்திப் பார்த்தபோதும் இதையேதான் சொன்னார். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பெண் கேட்டுப் போன இடத்தில், டோரீனின் அப்பா வசதி வாய்ப்பை விசாரித்ததற்கும் ஏறக்குறைய இந்தப் பதில்தானாம். டோரீன் அதை இன்றுவரை மறக்கவில்லை, அவரையும் மறக்க விடவில்லை.

அவர் தட்டிக்கொண்டு திரிவது ஹெரன் ஏரிக்கரையில் ஹாலோவெல் குடும்பத்தின் கோடை வீட்டில். கட்டி நூற்றிருபது வருஷம் ஆகிறது. இருபத்தேழு அறை, பதினொரு கணப்படுப்பு, படகுகள் தூங்குவதற்கென்று தனியாக ஒரு மாடிக் கட்டடம், வேலைக்காரர்கள் நடமாடுவது கண்ணில் படாமலிருக்கத் தனிப் படிக்கட்டு. இதற்கு ஹாலோவெல்கள் சொல்லும் பெயர் 'கேம்ப்'. ஏதோ நாலு கம்பை நட்டுத் துணியைப் போர்த்துக்கொண்டு படுத்திருப்பவர்கள் மாதிரி. அந்த மலைப்பக்கத்துப் பெரிய மனிதர்கள் எல்லோருமே அப்படித்தான் சொல்லுவார்கள். மாளிகை என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் நேற்றுப் பணம் பார்த்தவன் என்று ஆகிவிடுமே.

புதிதாக எதையும் வாங்குவதில்லை என்பது அந்தக் குடும்பத்தின் தர்மம். விரிசல் விட்ட கோப்பையை எறிய மாட்டார்கள். அந்துப்பூச்சி தின்றது போக மீதமிருக்கும் கம்பளியைப் போர்த்திக்கொள்வார்கள். கழிப்பறைக்குக் கழிப்பறை, தாத்தா காலத்துச் சீட்டு ஒன்று குண்டூசியில் தொங்கும்: 'சங்கிலியை மூன்று முறை இழுக்கவும். மூன்றாவது முறை மட்டும் பலமாக.' காலை ஏழு மணிக்கு மணியடித்ததும் எண்பது வயதுக் கிழவிகள் உட்பட அத்தனை பேரும் பல் கிடுகிடுக்க ஏரியில் முங்கி எழ வேண்டும். ஜூன் மாதத்துக் கரும்பூச்சி காதோரம் ரத்தம் வரக் கடித்தால் துடைத்துக்கொள்ளலாம், குறை சொல்லக் கூடாது. இப்படிச் சுகமாகத் துன்பப்படுவதற்காக அவர்கள் வருஷத்தில் பதினொரு மாதம் நகரத்து வெந்நீர்க் குழாய்களுக்கு நடுவே ஏங்கிக் கிடப்பார்கள்.

அந்தப் பதினொரு மாதமும் வீடு வெர்னனின் கையில். ஏப்ரலில் பனிக்கட்டி உடைந்து போனதும் படகுத்துறையை இறக்குவார். மேயில் எலி செத்த மெத்தைகளை வெயிலில் போடுவார். குளிரில் உறைந்து உப்பிய மண் தூக்கிவிட்ட படகுக் கட்டடத்தை வருஷம் தவறாமல் ஜாக்கி வைத்து நிமிர்த்துவார். அக்டோபரில் குழாய்களிலுள்ள தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் வடிப்பார். எங்காவது ஒரு உழக்கு நின்றுபோனாலும் ஜனவரிக் குளிரில் அது உறைந்து குழாயைப் பிளந்துவிடும். எந்த வால்வுக்குப் பின் எந்த வால்வைத் திறப்பது என்பது வெர்னனைத் தவிர ஏரியைச் சுற்றி யாருக்கும் தெரியாது. எழுதி வைக்கச் சொல்லிப் பலமுறை கேட்டிருக்கிறார்கள். "கைக்குத் தெரியும்" என்பார். கை எழுதப் படிக்காத கை அல்ல, ஆனாலும் எழுதவில்லை.

நுழைவாயிலை ஒட்டிய சின்ன வீட்டில் அவரும் டோரீனும் குடியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் அவருடைய அப்பா, அதற்கும் முன்னால் தாத்தா. ஏரியில் ஒரு ஹாலோவெல் இருக்கிறவரை வாசல் வீட்டில் ஒரு லபார்ஜ் இருப்பான் என்று பெரிய ஹாலோவெல் ஒருநாள் தாத்தாவின் தோளில் தட்டிச் சொன்னாராம். தட்டியதோடு சரி, காகிதத்தில் ஒன்றும் இல்லை. கௌரவமானவர்களுக்கு நடுவே காகிதம் கேட்பது அசிங்கம் என்று இரண்டு தரப்புமே நினைத்தது. அந்த நினைப்பு ஒரு தரப்புக்கு மட்டும் சௌகரியமாக இருந்ததை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

இப்போது ஹாலோவெல்கள் பத்தொன்பது பேர், எல்லோரும் பங்காளிகள். கூரைக்கு எந்த நிறப் பலகை போடுவது என்று ஒன்பது வருஷமாக அவர்களால் ஒத்துப்போக முடியவில்லை. விற்றுவிடலாம் என்பதில் நாற்பது நிமிஷத்தில் ஒத்துப்போனார்கள். செய்தியை வெர்னனுக்குச் சொல்ல வந்தவள் அவர்களில் மூத்தவளான மிஸ் பின்னி. எண்பத்தொரு வயது, சர்ச் பதிவேட்டில் இருக்கும் நீளமான பெயரை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. கையில் ஒரு நினைவுப் பரிசும் கொண்டுவந்திருந்தாள். சாப்பாட்டு அறையில் தொங்கிக்கொண்டிருந்த பாடம் செய்த மீன். அதைப் பிடித்தது வெர்னனின் அப்பா. கீழே பித்தளைத் தகட்டில் இருந்தது ஒரு ஹாலோவெல்லின் பெயர்.

வாசல் வீட்டைப் பற்றிக் கேட்க வெர்னன் இரண்டு தடவை வாயெடுத்தார். மூன்றாவது தடவைக்கு முன்னால் அவளே சொன்னாள்.

"வர்றவங்க நல்ல மனுஷங்களாத்தான் இருப்பாங்க, வெர்னன். எனக்கு உள்ளுக்குள்ள தோணுது."

"சரிங்கம்மா" என்றார் வெர்னன். அறுபத்து மூன்று வயதில் அவருக்குப் போக வேறு வீடு இல்லை என்பது மிஸ் பின்னிக்குத் தோன்றவில்லை. அவள் மீனுக்குத் தூசி துடைத்துக்கொண்டிருந்தாள்.

விற்கும் பொறுப்பு தரகர் மெரெடித்துக்கு வந்தது. கெட்டிக்காரி. ஒழுகும் கூரையை 'மழையோடு நெருக்கம்' என்றும், கதவு சாத்தாத அறைகளை 'திறந்த மனதுடைய கட்டடக்கலை' என்றும் விளம்பரத்தில் எழுதியவள். பார்க்க வருகிறவர்கள் முன்னால் வாயைத் திறக்க வேண்டாம், சும்மா கட்டம்போட்ட சட்டை போட்டுக்கொண்டு நின்றால் போதும் என்று வெர்னனிடம் கேட்டுக்கொண்டாள். வெர்னன் யோசித்தார். வீடு விலைபோகாவிட்டால் வாசல் வீடு தப்பும். வாழ்க்கையில் முதல்முறையாக, தூணைத் தட்டியபின் உண்மையைச் சொல்லத் தொடங்கினார்.

முதலில் வந்த பல் டாக்டர், தரைக்கடியில் எத்தனை உத்திரம் உளுத்திருக்கிறது என்பதைக் கேட்டுவிட்டுக் காரை விட்டே இறங்காமல் திரும்பினார். அடுத்து வந்த தம்பதி, குளிர்காலத்தில் பாதையில் பனி அள்ளும் கணக்கைக் கேட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை. வெர்னன் அந்த வாரம் விசிலடித்துக்கொண்டு திரிந்தார். டோரீன் ஆப்பிள் பை செய்தாள்.

மூன்றாவதாக வந்தவர் கஸ்லர். நகரத்தில் என்ன தொழில் என்று அவர் விளக்கியும் யாருக்கும் புரியவில்லை. காலில் அப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்த பூட்ஸ், பக்கத்தில் மனைவி அனிக்கா. வெர்னன் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. மாடியில் முந்நூறு வௌவால் குடியிருப்பதைச் சொன்னார். அனிக்கா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, நிஜ வௌவாலா என்று உருகினாள். வெர்னன் குழாயைத் திறந்து, சதுப்பு நிலத்திலிருந்து தேநீர் நிறத்தில் வரும் தண்ணீரைக் காட்டினார். கஸ்லர் அதை ஒரு கிளாஸ் பிடித்துக் குடித்துவிட்டு, கண்ணை மூடி, மண் வாசனை என்றார். ஆகஸ்டிலும் வீடு சூடாகாது என்றதற்குப் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். கழிப்பறைச் சீட்டை கஸ்லர் போட்டோ எடுத்துக்கொண்டார்.

அறுபது வருஷம் ஹாலோவெல்களைக் கண்ணெதிரே பார்த்த மனிதன் செய்யக்கூடாத தப்பு இது. பணக்காரர்கள் அசௌகரியத்துக்குப் பயப்படுவார்கள் என்று நினைத்துவிட்டார். கஷ்டம் எவ்வளவு பழையதோ அவ்வளவு விலை கொடுப்பார்கள் என்பது மெரெடித்துக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. வெர்னன் சொல்லச் சொல்ல அவள் முகம் மலர்ந்துகொண்டே போனது.

படகுக் கட்டடத்தை வருஷா வருஷம் நிமிர்த்துவது யார் என்று கஸ்லர் கேட்டார். தான்தான் என்றார் வெர்னன்.

"அப்ப வீட்டோட நீங்களும் வருவீங்களா?"

மெரெடித் காகிதத்தைப் புரட்டி, வீட்டோடு சேர்ந்து போகிறவற்றின் பட்டியலில் கொம்பு மான் தலைக்கும் பழைய துடுப்புப் படகுக்கும் நடுவே காவல்காரரையும் சேர்க்கலாம் என்றாள். கஸ்லருக்கு உச்சி குளிர்ந்தது. பெரிய ஹாலோவெல் தாத்தாவைத் தட்டிய அதே தோரணையில் வெர்னனின் தோளில் தட்டினார்.

"தேவைப்படுற வரைக்கும் தாராளமா இருங்க."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது டோரீன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"தேவைப்படுற வரைக்கும்னா எது வரைக்கும்னு கேட்டீங்களா?"

"கேக்கல."

"கேக்க மாட்டீங்க. மூணு தலைமுறையா கேக்காத வாய்தானே அது."

எது வரைக்கும் என்பது அக்டோபர் இரண்டாம் வாரம் தெரிந்தது. மெரெடித் நாற்பது மஞ்சள் அட்டைகளும் ஒரு கறுப்புப் பேனாவும் கொண்டுவந்தாள். அடுத்த வருஷத்திலிருந்து குளிர்காலத்துக்கு வீட்டை மூடும் வேலையைத் தெற்கே ஒரு கம்பெனி பார்த்துக்கொள்ளுமாம். கம்பெனி ஆட்களுக்கு வரிசை புரிய வேண்டும், அதனால் வால்வுக்கு வால்வு எண் எழுதிக் கட்டிவிட வேண்டும். கட்டி முடித்து, அவள் பட்டியலைச் சரிபார்த்தால்தான் விற்பனைப் பத்திரம் பதிவாகும். அனிக்காவுக்கு வாசல் வீட்டில் யோகா அறை கட்ட ஆசை என்பதையும் நல்ல செய்தி சொல்வது போலச் சொன்னாள். அவசரமே இல்லையாம், அடுத்த கோடைக்கு அப்புறம் போதுமாம்.

வெர்னன் பேனாவை வாங்கிக்கொண்டார். ஒரு நாள் முழுக்க மெரெடித் பின்னாலேயே வர, ஒவ்வொரு வால்வாகக் குனிந்து எண் எழுதிக் கட்டினார். ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதவில்லை. வேலையில் பொய் சொல்ல அந்தக் கைக்கு வராது. மாடி, படிக்கட்டு, குளியலறைகள், சலவை அறை என்று இறங்கி, கடைசியாகச் சமையலறையை ஒட்டிய சாமான் அறைக்கு வந்து நாற்பதாவது அட்டையைக் கட்டினார்.

அந்த அறையின் தரைப்பலகை ஒன்றுக்கு அடியில் இன்னொரு வால்வு இருக்கிறது. வீட்டிலேயே தாழ்வான இடம் அது. இருபத்தேழு அறைத் தண்ணீரும் வடிந்து வடிந்து கடைசியில் அங்கே வந்துதான் தேங்கும். அதைத் திறக்க மறந்தால் மற்ற நாற்பதைத் திறந்தும் பிரயோஜனமில்லை. இந்த வருஷத்துத் தண்ணீரை, மெரெடித் வருவதற்கு முன்னால், காலையிலேயே வெர்னன் ஒரு சொட்டு விடாமல் வடித்துவிட்டிருந்தார். இந்தக் குளிர்காலம் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த குளிர்காலம் கம்பெனியின் பொறுப்பு.

"அவ்வளவுதானா வெர்னன்? இனிமே உங்களைத் தொந்தரவு பண்ணாம அவங்களே பாத்துக்கலாம்ல?"

"அட்டை தீந்துபோச்சே" என்றார் வெர்னன்.

மெரெடித் சிரித்துவிட்டு, பட்டியலைச் சுவரில் வைத்து நாற்பது என்று எழுதி வட்டமிடத் திரும்பினாள். வெர்னன் பூட்ஸ் நுனியால் மெல்ல இழுத்து, சற்றே விலகியிருந்த தரைவிரிப்பை அந்தப் பலகையின் மேல் ஒரு சுருக்கமும் இல்லாமல் நேராக்கினார்.