வெள்ளிக்கிழமை யார் தூக்குவார்?

இரண்டு வருடத்துக்கு முன்பு, கார்த்திகை தீபம் முடிந்த அடுத்த வாரம். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில், டெல்லியிலிருந்து வந்திருந்த நாடாளுமன்ற மனுக்கள் குழுவின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நான் எட்டாவது வரை படித்தவள். அண்ணாமலையார் துணை என்று நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு போயிருந்தேன்.

என் கணவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. உதவித்தொகைக்குக் கைரேகை வைக்க மாதாமாதம் ஒரு மத்திய அரசு அலுவலகத்துக்குப் போகவேண்டும். வாசலில் ஒன்பது படி. சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம் கேட்டு மனுப் போட்டிருந்தேன். அதை விசாரிக்கத்தான் வந்திருந்தார்கள்.

டிவியில் கத்திக்கொள்கிற கட்சிக்காரர்கள் அங்கே ஒரே மேஜையில் தண்ணீர் பாட்டிலை ஒருவருக்கொருவர் நகர்த்திக் கொடுத்துக்கொண்டு இருந்தார்கள். யார் எந்தக் கட்சி என்றே தெரியவில்லை. அவர்களுடைய ஹிந்தி, அரைத்தூக்கத்தில் கேட்கிற மழைபோல இருந்தது. ஜன்னலில் மலை. அதன் மேல் ஒரு வெள்ளை மேகம் நகராமல் நின்றது. தமிழ் பேசும் பெண் எம்.பி. ஒருவர்தான் ஒவ்வொரு கேள்வியையும் எனக்குச் சொன்னார்.

"அங்க யாராவது உதவி பண்றாங்களாம்மா?"

"ஒருத்தர்கூட எட்டிப் பாக்கலைங்க."

உதவி இருக்கிறது என்றால் சாய்தளம் எதற்கு என்று விட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் சொன்ன பொய்.

ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் பிடித்துக்கொள்வதுதான் குழுவின் வழக்கம் போலிருக்கிறது. மேஜையின் கடைசியில் இருந்த வயதான எம்.பி. மெல்ல ஏதோ கேட்டார். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"அப்போ ஒம்போது படியும் அவரை யாரும்மா ஏத்தறது?"

மலையைப் பார்த்தேன். அதற்குமேல் பொய் வரவில்லை.

"எதிர்ல மெத்தைக் கடை வெச்சிருக்கிற பாய்ங்க. முதுகுல தூக்கிட்டுப் போவாரு. நாலு வருசமா. தப்பா சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க."

அந்த ஒன்பது படி அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி சட்டென்று நிமிர்ந்தார். "உதவிதான் கிடைக்குதே மேடம்" என்றார். என் மனு அங்கேயே முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அதை ஹிந்தியில் கேட்டுக்கொண்ட பெரியவர் சிரிக்காமல் ஒன்று சொன்னார். தமிழில் வந்தது:

"வெள்ளிக்கிழமை பாய் தொழுகைக்குப் போயிட்டா, நீங்க தூக்குவீங்களான்னு கேக்கறாரு."

எல்லாப் பேனாக்களும் எழுதின.

சாயங்காலம் பாயிடம் நடந்ததைச் சொல்லி அழுதேன். "இன்னாக்கா, டெல்லிக்காரங்ககிட்ட என்னைப் போட்டுக் குடுத்துட்டியா?" என்று சிரித்தார். "சீக்கிரம் கட்டச் சொல்லு. அண்ணன் வெயிட் ஜாஸ்தியாயிட்டாரு."

எட்டு மாதத்தில் சாய்தளம் வந்தது. என் கணவர் யார் முதுகும் இல்லாமல் உள்ளே போனார். கேட்டதைக் கொடுத்த அண்ணாமலையாரிடம், கேட்பதற்காக நான் மறைக்கப் பார்த்த மனிதருக்கும் சேர்த்து இன்றும் வேண்டிக்கொள்கிறேன்.