மழைக்கோட்டைப் பார்த்த ஒருவர்

கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம்தான் எனக்கு ஊர். ஆடை வடிவமைப்பு படிக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் முதுகுப் பையோடு சேர்த்துப் போடக்கூடிய மழைக்கோட்டு ஒன்றைத் தைத்து, நுவரெலியாவில் நடந்த கண்காட்சிக்குக் கொண்டுபோனேன். "உங்க கஷ்டத்தச் சொல்லுங்க, அப்பதான் விக்கும்" என்று வியாபாரப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதனால் அம்மா கொழுந்து பறிக்கும் படத்தைப் பெரிதாக மாட்டி வைத்தேன்.

வந்தவர்கள் படத்தைப் பார்த்துப் "பாவம்" என்றார்கள். மழைக்கோட்டை யாரும் தொடவில்லை.

மத்தியானம், ஹட்டனில் துணிக்கடை நடத்தும் ஒரு முஸ்லிம் அம்மா வந்தார். "இதப் பையோட போட்டுக் காட்டுங்க மகள்" என்றார். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கான அளவு எனக்கும் பொருந்தும்; பையை மாட்டி மேலே போட்டேன்.

"கழுத்தால தண்ணி எறங்காதா?"

"உள்ள ஒரு மடிப்பு வச்சிருக்கேங்க."

"கையத் தூக்குங்க. இழுக்குதே! பஸ்ஸுல புள்ள எப்படிக் கம்பியப் புடிக்கும்?"

கையை மறுபடி தூக்கிப் பார்த்தேன்; இழுக்கத்தான் செய்தது. "கைய அகலமாக்கித் தர்றேங்க" என்றேன்.

"சரி, தச்சுக் கடைக்குக் கொண்டு வாங்க. நல்லா இருந்தா எடுக்கிறேன்."

அவர் போனதும் படத்தைக் கழற்றிவிட்டேன். அடுத்த மழைக்கு, கை அகலமாக்கிய என் கோட்டு அவர் கடையில் தொங்கியது.

இரக்கப்பட்டவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் என்னை முதலில் ஒரு டிசைனராக மதித்தவர், குறை சொன்ன அந்த அம்மாதான்.