கொண்டி வெளிப்பக்கம் இருந்தது

என் அண்ணனைக் கார் ஷெட்டுக்குள் விட்டு வெளிப்பக்கம் கொண்டி மாட்டினேன். ஒரு நாள் அல்ல, ஏறக்குறைய மூன்று வாரம், தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அப்புறம் அதைப் பற்றிப் பொய்யும் சொன்னேன்.

அண்ணன் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் ஓட்டி ஓய்வு பெற்றவர். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து, நடைப் பயிற்சிக்காகப் பெரம்பலூரில் என் வீட்டுக்கு வந்தார். அவர் மகள்தான் கொண்டுவந்து விட்டாள். என் மனைவி இறந்த பிறகு நான் தனியாள். வீட்டுக்கு ஆறு படிகள். வாக்கரோடு அவரால் ஏற முடியாது. தெரு மட்டத்தில் இருந்தது ஷெட் மட்டும்தான். காரை வெளியே எடுத்து வேப்பமர நிழலில் நிறுத்தினேன். ஷெட்டில் கட்டிலும் மின்விசிறியும் போட்டேன். மூலையில் கழிவறை ஏற்கெனவே இருந்தது. இதுவரை தப்பில்லை.

அண்ணன் கதவைத் திறந்துவைத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுப் பேசினார். எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். எங்கள் தெருவோ கேட்டைச் சாத்திக்கொண்டு வாழும் தெரு.

"ஏம்மா, இது கீரையா, மாடு தின்னு வச்ச மிச்சமா?" என்பார் கீரைக்காரம்மாவிடம்.

"நீ மொதல்ல எந்திரிச்சு நட. அப்பறம் கீரையக் கொற சொல்லு," என்பாள் அவள்.

ஒரு காலையில் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்னிடம் கேட்டார்: "புது டிரைவரா சார்? ஆள் நல்லாப் பேசுறாரே."

நான் சிரித்து வைத்தேன். அண்ணன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை. அண்ணன் பத்தடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் முதல் கதவைச் சாத்தத் தொடங்கினேன். "தூசியா இருக்குண்ணே, தூங்குங்க," என்றேன். காற்றில் கதவு திறந்துகொள்கிறது என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு கொண்டியை மாட்டினேன். மேற்குப் பார்த்த இரும்புத் தகட்டுக் கதவு அது. இரண்டு மணிக்கு மேல் தொட முடியாது.

ஒரு நாள் கரண்ட் போனது. மாடியில் என் அறைக்கு இன்வெர்ட்டர் உண்டு, ஷெட்டுக்கு இல்லை. கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. "டேய் தம்பி," என்று இரண்டு தடவை கூப்பிட்டதும் கேட்டது. டீ கேட்கிறார், ஐந்து மணிக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று புரண்டு படுத்தேன்.

ஐந்து மணிக்குப் போய்த் திறந்தபோது கதவடியில் சுருண்டு கிடந்தார். வலது உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் சலைன் ஏறிக்கொண்டிருக்கும்போது மகள் வந்து சேர்ந்தாள். "கதவு ஏன் சித்தப்பா சாத்தியிருந்துச்சு?" என்றாள்.

"அவரேதாம்மா சாத்திக்கிட்டாரு. வெளிச்சம் கண்ணக் கூசுதுன்னாரு."

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு சலைன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு, "ஆமாம்மா, நாந்தான்," என்றார். அதை நம்பி அவள் அவரை மறுபடியும் என்னிடமே விட்டுப் போனாள்.

அதன் பிறகு காலையில் கதவைத் திறந்தே வைத்தேன். மதியத்தில் மேற்கு வெயில் கட்டில் வரை வந்ததால் சாத்தத்தான் வேண்டியிருந்தது. சூடு உள்ளே வராதபடி கதவைச் சரிசெய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணினேன். ஆள் வைக்காமல் நானே செய்யவேண்டும் என்றும் தோன்றியது.

தெர்மாகோல் அட்டைகளும், மைக்கா ஒட்டும் மஞ்சள் பசையும் வாங்கி வந்தேன். பசையைத் தடவியதும் அட்டை பொரிந்து, குழிந்து, கையில் பிசினாக ஒட்டியது. அந்தப் பசையின் கரைப்பான் தெர்மாகோலைக் கரைத்துவிடும். மேல்நிலை வகுப்புகளுக்கு முப்பது வருடம் வேதியியல் நடத்தியவன் நான்.

அண்ணன் கட்டிலில் கிடந்தபடியே சிரித்தார். "புள்ளைங்களுக்கு என்னத்தடா சொல்லிக் குடுத்த இத்தன வருசம்?"

இரண்டாம் முறை, ஒரு பக்கம் வெள்ளித்தாள் ஒட்டிய நுரை விரிப்பு வாங்கினேன். கதவின் உட்புறச் சட்டங்களை அளந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக வெட்டி ஒட்டினேன். கதவுக்கும் தரைக்கும் இடையே இருந்த சந்துக்குப் பழைய டயர் டியூபைக் கிழித்துத் திருகாணியால் முடுக்கினேன். மூன்று நாள் வேலை. குனிந்து நிமிர்ந்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. நாலாம் நாள் மூன்று மணிக்குக் கதவைச் சாத்தி, உட்புறம் கை வைத்துப் பார்த்தேன். வைத்த கையை எடுக்க வேண்டியிருக்கவில்லை.

"தொட்டுப் பாருங்கண்ணே," என்றேன்.

அவர் தொடவில்லை. கையில் கட்டு இருந்தது. "நல்லாத்தான் ஒட்டியிருக்க. கொண்டி எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டார்.

அன்று மாலையே கொண்டியைக் கழற்றி உட்புறம் திருகினேன். அவர் வாக்கரோடு வந்து அதை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். அண்ணனை வைத்துக்கொண்டே சொன்னேன்: "அவரு சாத்திக்கலம்மா. நாந்தான் வெளியில கொண்டி போட்டேன்."

அவள் கதவைப் பார்த்தாள்.

"தட்டுனாரா?"

"தட்டுனாரு."

"ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அவள் அவருடைய துணிகளைப் பைக்குள் வைக்க ஆரம்பித்தாள். "வுடும்மா, அதான் கதவச் சரி பண்ணிட்டான்ல," என்றார் அண்ணன். அவள் நிறுத்தவில்லை. காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். "வேண்டாங்க. வண்டி சொல்லிட்டேன்," என்றாள்.

அவர்கள் போன பிறகு எதிர்வீட்டுக்குப் போய், ஷெட்டில் இருந்தவர் என் டிரைவர் இல்லை, கூடப் பிறந்த அண்ணன் என்று சொன்னேன்.

"தெரியும் சார்," என்றார் தலைமையாசிரியர். "மறுநாளே அவரு சொல்லிட்டாரு. நான் சொன்னதத் தம்பிகிட்டக் காட்டிக்காதீங்க, சங்கடப்படுவான்னாரு."

மாதம் ஒருமுறை அரியலூர் பஸ் ஏறிப் போகிறேன். அண்ணன் இப்போது கைத்தடியோடு நடக்கிறார். நான் போய் இறங்கினால் போதும், தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சத்தமாகச் சொல்கிறார்: "இவன் எந்தம்பி. கெமிஸ்ட்ரி வாத்தியாரு. தெர்மாகோலப் பசையில கரைச்சவன்."

எல்லோரும் சிரிக்கிறார்கள். மகள் சொம்பில் தண்ணீர் கொண்டுவருகிறாள். "எடுத்துக்கங்க," என்கிறாள். சாப்பாடு போடுகிறாள், "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க," என்கிறாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. சித்தப்பா என்று மட்டும் அன்றிலிருந்து அவள் கூப்பிடவில்லை.