தோல் ஷாப் மூட்டை

அன்று கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர்.

நான். என் தங்கை, அவள்தான் கலியாணப் பெண். அவளுக்கு மாமியாராக வரப்போகிற அம்மாள். கடை முதலாளி, திண்டில் சாய்ந்திருந்தார். துணி எடுத்துப் போடுகிற ஆள்.

வேறு யாரும் இல்லை. இருந்திருந்தாலும் நடந்தது மாறியிருக்காது.

கடை வேலூர் லாங் பஜாரில். ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருக்கும். நாங்கள் ஆம்பூர்ப் பக்கம். காட்பாடி வரை ரயில், அப்புறம் நடை. தோல் பதனிடுகிற இடத்தை எங்கள் ஊரில் தோல் ஷாப் என்போம். எங்கள் மூன்று பேருக்கும் அங்கேதான் வேலை. எனக்குச் சுண்ணாம்புத் தொட்டி. பெண்களுக்கு ஆவாரம்பட்டை இடிப்பது, கடுக்காய் நசுக்கி ஊற வைப்பது.

முகூர்த்தப் புடவையை மாப்பிள்ளை வீட்டார் எடுக்க வேண்டும். பெண் வீட்டார் கூடப் போகலாம். வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் முறை.

ரயிலில் வரும்போதே தங்கை என் காதில் சொல்லிவிட்டாள். வெளிர் நீலத்தில் ஒரு புடவை வேண்டும். பள்ளிக்கூடத்து அம்மா ஒருத்தி கட்டிக்கொண்டு போனதைப் பார்த்தாளாம். அன்றிலிருந்து மனசில் இருக்கிறதாம். இதை ஏன் என்னிடம் சொல்கிறாய் என்று கோபித்துக்கொண்டேன். வேறு யாரிடம் சொல்வது என்றாள். அம்மாவும் அப்பாவும் போய்விட்ட வீடு எங்களுடையது. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

கடைக்குள் பாய் விரித்திருந்தது. எங்களை அதில் உட்காரச் சொல்லவில்லை. படிக்குப் பக்கத்தில் நின்றோம். முதலாளி எங்கள் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. பட்டையும் கடுக்காயும் ஊறின கை எப்படி இருக்கும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நகக்கண்ணில் கறுப்பு, உள்ளங்கையில் செம்மண் நிறம். தேய்த்தாலும் போகாது.

"தோல் ஷாப் மூட்டைய அவுத்துப் போடு" என்றார் ஆளிடம்.

என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. கலியாணமா சாவா என்றுகூடக் கேட்கவில்லை.

மூட்டையில் இருந்ததெல்லாம் ஒரே தினுசு. காவி, அரக்கு, பாக்கு நிறம். முரட்டு நூல். பட்டைக் கறை பட்டாலும் தெரியாது, அதனால் தோல் ஷாப் சனங்களுக்கு இதுதான் பிடிக்கும் என்பார்கள். பிடிக்கும் என்று யாரைக் கேட்டார்கள்? என் அம்மா ஆயுசுக்கும் அதைத்தான் கட்டினாள். அவளைக் குழியில் வைத்தபோதும் அதுதான் சுற்றியிருந்தது. வேறு நிறம் அவளுக்குப் பிடித்ததா என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்டதில்லை.

ஒருத்தன் வாங்குவதைப் பார்த்து அவன் யார் என்று சொல்லிவிடலாம் என்று படித்தவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். எங்களுக்கு அது தலைகீழ். முதலில் நாங்கள் யார் என்று பார்த்துக்கொண்டார்கள். அப்புறம்தான் எதை வாங்கலாம் என்று எடுத்துப் போட்டார்கள். தலைமுறையாக அதையே வாங்கினோம். உங்கள் வழக்கம் என்றார்கள். நாங்களும் எங்கள் வழக்கம் என்று சொல்லிக்கொண்டோம். அவர்கள் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நாங்கள் சொன்னதுதான் இன்றைக்கும் எனக்கு வயிற்றெரிச்சல்.

மூட்டைப் புடவையை நாங்கள் தொடலாம். கசக்கலாம், பிரித்துப் பார்க்கலாம். அம்மாள் ஒரு அரக்கை எடுத்து முழம் போட்டாள். என் தங்கை மூட்டையைப் பார்க்கவே இல்லை. அலமாரியைக் காட்டினாள். நீலம் அங்கே மடித்து வைத்திருந்தது. ஓரத்தில் வெள்ளைக் கோடு.

"அது வேணும் அத்த" என்றாள்.

அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "பட்டை இடிக்கிறவளுக்கு நீலம் இன்னாத்துக்குடி? கஞ்சி குடிச்சுட்டு வர்றதுக்குள்ள காவியாப் பூடும்."

"ஒரு நாளைக்குத்தான். அன்னிக்கு நான் பட்டை இடிக்க மாட்டேன் இல்ல."

அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, முடியாது என்றாள். நான் முறையை மீறினேன். பார்க்கவாவது பார்க்கலாம், எடுத்துப் போடுங்கள் என்று முதலாளியிடம் சொன்னேன். ஆள் எழுந்தான். முதலாளி கையைக் காட்டி அவனை உட்கார வைத்தார்.

"அது ஒங்களுக்கு ஆவாது" என்றார். "ஒங்க கை பட்டா அப்புறம் எவன் வாங்குவான்? துட்ட வச்சுட்டுத் தொடு."

அதுவரைக்கும் அம்மாள் நீலம் வேண்டாம் என்ற கட்சி. அதை மறக்கக் கூடாது. கையில் இருந்த அரக்கைக் கீழே வைத்தாள். கடைக்குள் வந்ததிலிருந்து முதலாளி, முதலாளி என்றுதான் பேசிக்கொண்டிருந்தாள். இப்போது அப்படிச் சொல்லவில்லை.

"ஒன் இடுப்புல தொங்குதே தோல் பை, அது எந்தக் கையில ஊறுச்சு? நான் வந்ததுலேர்ந்து அதத்தான் தடவிக்கினு கீற. அதே கையாலதான் எல்லார்க்கும் பொடவ குடுக்குற. அதுல ஒட்டலியா?"

ஆள் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். முதலாளி பையிலிருந்து கையை எடுத்தார்.

அம்மாள் பாயில் ஏறினாள். மண் காலோடு ஏறினாள். அலமாரியிலிருந்து நீலத்தை இழுத்தாள். மடியில் போட்டு, இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் வைத்து அழுத்தினாள். முப்பது வருஷம் பட்டை இடித்த கை. எடுத்தாள். துணியில் ஒன்றும் இல்லை. உலர்ந்த கறை தோலோடு ஊறிப்போனது, அது எதிலும் ஒட்டாது. எங்களுக்குத் தெரியும். முதலாளி பார்த்தார்.

முந்தி முடிச்சை அவிழ்த்துப் பணத்தை வைத்தாள். "இவ ஆசப்பட்டான்னு வாங்கல. நீ சொன்ன பேச்சுக்கு வாங்கறேன்" என்றாள்.

என் தங்கை அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். எப்படியோ புடவை கிடைத்தது. ரயிலில் அதை மடியிலேயே வைத்திருந்தாள்.

கலியாணத்துக்கு முதல் நாள் மத்தியானம். புதுத் துணியை நனைத்துக் கஞ்சி போக்கி உலர்த்த வேண்டும். தங்கை அன்றைக்கும் அரை நாள் வேலைக்குப் போயிருந்தாள். மேஸ்திரி முழு நாள் விடவில்லை. கடுக்காய்த் தொட்டியிலிருந்து நேரே வீட்டுக்கு ஓடி வந்தாள். கை ஈரம். வாசலில் தண்ணீர் நிறைந்த வாளி இருந்தது. பழைய இரும்பு வாளி, உள்ளே துரு. புடவையை அதில் முக்கி, முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துப் பிழிந்தாள்.

விரித்தபோது கறுப்பு. விரல் விரலாகக் கறுப்பு.

கடுக்காய்த் தண்ணீரோடு இரும்பு சேர்ந்தால் மை. தோல் ஷாப்பில் அதுதான் முதல் பாடம். தொட்டிப் பக்கம் ஆணிகூட எடுத்துப் போகக் கூடாது. தோலில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தால் கூலி போச்சு. என் தங்கை ஒரு நாளும் தோலில் அந்தத் தப்பைச் செய்ததில்லை. துணிக்கும் அது உண்டு என்று அவளுக்குத் தோன்றவில்லை. இப்படி ஒரு துணி எங்கள் வீட்டுக்கு அதற்குமுன் வந்ததில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்தோம். கொஞ்சம் வெளுத்தது, ஒரு விரல் தடம் மறைந்தது. மற்றவை போகவில்லை.

மாமியார் அம்மாள் வந்து பார்த்தாள். கடைக்காரன் சொன்னது பலித்துவிட்டது என்றாள். தன்னிடம் மூட்டைப் புடவை ஒன்று கட்டாமல் இருக்கிறது, அதையே கட்டட்டும் என்றாள்.

அப்போதுதான் நான் சத்தம் போட்டேன். அவன் சொன்னது பலிக்கவில்லை என்றேன். அவன் வாளியைச் சொல்லவில்லை, அரை நாள் வேலையைச் சொல்லவில்லை, கையைச் சொன்னான் என்றேன். அந்தக் கை அப்படி ஆனது எதனால்? சீமைக்குக் கப்பலில் போகிற தோல் ஒரு புள்ளி இல்லாமல் போக வேண்டும். அதனால். தோலுக்குக் கோணி சுற்றிப் பார்த்துப் பார்த்து அனுப்புவார்கள். கையை யார் பார்த்தார்கள்? இதெல்லாம் சொன்னேன். நான் அவ்வளவு பேசி அதற்குமுன் யாரும் கேட்டதில்லை.

கடைசியில் அவளே இறங்கி வந்தாள். சரி, நீலமே இருக்கட்டும், முந்தானையை உள்ளே செருகிக் கறை தெரியாமல் கட்டிக்கொள் என்றாள்.

"மறைக்க மாட்டேன்" என்றாள் என் தங்கை. "என் கைதான அத்த."

மறுநாள் முந்தானையை முன்னால் விட்டுக்கொண்டுதான் வந்து உட்கார்ந்தாள். வந்தவர்கள் பார்த்தார்கள். எங்கள் தெருப் பெண்களே இரண்டு பேர் வாயைக் கோணினார்கள். நீலம் கேட்டவளுக்கு நல்லா வேணும் என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. அவள் கட்டியிருந்தது அரக்கு. திரும்பிப் பார்த்தேன்.

மேளம் கொட்டினார்கள். எல்லோரும் தாலியைப் பார்த்தார்கள். நான் முந்தானையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விரல் தடங்களை எண்ணினேன்.

ஒன்பது.